பதினெட்டுப் பேருக்கு ஒரு டெக்

"ஒரு மீட்டர் அறுத்தெடுக்கணும். வேலிக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு," என்று சொல்லிவிட்டு அளவு டேப்பைச் சுருட்டினாள் நகரக் கவுன்சிலிலிருந்து வந்த பெண்.

நெவிலுக்கு முகம் காதுவரை சிவந்துவிட்டது. பின்வாசலை ஒட்டி அந்த மரத்தளத்தைப் போட்டு முடித்து நாலு நாள்கூட ஆகவில்லை. பத்தொன்பது வருடமாக அவர் மனைவி லொரெய்ன் கேட்டுக்கொண்டிருந்த டெக் அது. கிறிஸ்துமஸ் அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பெர்த் நகரிலிருந்து அவள் அக்கா குடும்பமும் மற்ற உறவுமாகப் பதினெட்டுப் பேர் வருகிறார்கள். டெக்கில்தான் பந்தி என்று ஒருவர் விடாமல் ஃபோனில் சொல்லியாயிற்று. பதினெட்டுப் பேருக்கான நீள மேஜையும் வந்து இறங்கிவிட்டது.

"யார் புகார் குடுத்தது?"

"அதைச் சொல்லக்கூடாது, சார்."

சொல்லவும் வேண்டுமா? பக்கத்து வீட்டு டினோதான். இத்தனைக்கும், டினோவின் டெக் வேலியை உரசிக்கொண்டு நிற்பதைப் பற்றி இரண்டு வாரம் முன்பே கவுன்சிலின் இணையப் பக்கத்தில் புகார் எழுதியவர் நெவில். மொட்டைக் கடிதாசி போடுகிற ஆளில்லை அவர். பெயர் கேட்ட இடத்தில் தன் பெயர், வீட்டு முகவரி கேட்ட இடத்தில் பதினாலு, வாட்டில் தெரு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதினார். என்ன நடந்தது? டினோ வீட்டுப் பக்கம் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. டினோ பதிலுக்கு எழுதியதும் கவுன்சில் குடுகுடுவென்று ஓடி வந்துவிட்டது. இது எந்த ஊர் நியாயம்?

பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தார். மேஜையின் ஒரு கோடி டெக்கை விட்டுப் புல்தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கினார். அங்கே புல்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தால் மேஜை தாடையில் இடித்தது.

"அக்கா வீட்டுக்காரரை அங்க உட்கார வச்சிரலாம். அவர் உயரம்," என்றாள் லொரெய்ன்.

நெவில் சும்மா விடவில்லை. டினோவின் டெக்குக்கு மேலே அனுமதியில்லாத தகரக் கூரை என்று அடுத்த புகாரைத் தட்டிவிட்டார். மறுபடியும் சொந்தப் பெயர், சொந்த முகவரி. ஒன்பதாம் நாள் அதே பெண் இவர் வீட்டுக்கே வந்து, இவர் டெக்குக்கு மேலே போட்டிருந்த கூரையை அண்ணாந்து பார்த்து, அனுமதிச் சீட்டு கேட்டாள். அப்படி ஒன்றை நெவில் வாங்கியிருந்தால்தானே!

கூரை இறங்கியது. டிசம்பர் மாதக் கோடை வெயிலில் பலகை கொதித்தது. நாய் அதன் மேல் கால் மாற்றிக் கால் வைத்து ஓடியது. நாலு பெரிய குடைகள் வாங்கி நட்டார். முதல் காற்றிலேயே ஒன்று டினோ வீட்டுக்குள் போய் விழுந்தது. டினோ அதை மடித்து எடுத்துக்கொண்டு வந்தான்.

"இடம் போதலைன்னா எங்க டெக்குக்கு வந்துருங்கப்பா. அன்னைக்கு நாங்க கடற்கரைக்குப் போயிடுவோம், சும்மாத்தான் கிடக்கும்," என்றான்.

செய்வதையும் செய்துவிட்டு இந்த நடிப்பு வேறு. அன்று மாலையே, டினோவின் கறி சுடும் அடுப்பின் புகை வேலி தாண்டி வருகிறது என்று மூன்றாவது புகாரும் போனது.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்தப் பெண் வந்தாள். நெவிலின் புத்தம்புது அடுப்பை, அதில் இன்னும் ஒரு சாசேஜ்கூட வேகாத அடுப்பை, வேலியோரத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். டெக்கில் அதற்கு வேறு இடமே இல்லை.

லொரெய்ன் பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். "பத்தொன்பது வருஷம் காத்திருந்தது போதும், நெவில். டினோ டெக்குலதான் சாப்பாடுன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்."

நெவில் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "நானும்தான் மூணு புகார் குடுத்தேன். டெக், கூரை, புகை. நெவில் டோல்ஹர்ஸ்ட்னு பேரைப் போட்டுப் பாரும்மா. ஒண்ணுக்காவது நடவடிக்கை எடுத்தீங்களா?"

அவள் கையிலிருந்த கணினிப் பலகையைத் தட்டினாள். படித்தாள். சுவரிலிருந்த வீட்டு எண்ணைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"மூணுக்குமே எடுத்தாச்சு, சார். எந்த வீட்டு மேல புகார்னு கேட்ட இடத்துல நீங்க பதினாலுன்னு எழுதியிருந்தீங்க, மூணு தடவையும் நான்தானே வந்தேன்."