வைக்கோல் ரயர்

"உஸ்ஸ்ஸ்ஸ்..."

பின் சில்லில் காற்றுப் போனது. கூடவே றொகானின் நெஞ்சிலும் போனது.

கட்டுக்கரைக் குளக்கட்டில் முழங்கால் சிராய விழுந்து எழும்பி, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

நின்றது. அதே மோட்டார் சைக்கிள். அதே நீல ஹெல்மெற்.

காலையில் தலைமன்னாருக்குப் போய்த் திரும்பி, மன்னார்ப் பாலத்தைத் தாண்டியதிலிருந்து அது அவன் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது. அவன் மிதித்தால் உருண்டது. மூச்சு வாங்க நின்றால் நின்றது. முந்திப் போகச் சொல்லி ஒருமுறை கையைக் காட்டினான். 'பரவாயில்லை, நீங்கள் போங்கோ' என்று அதுவும் மரியாதையாகக் கையைக் காட்டியது.

'கள்ளன்தான்' என்று றொகான் தீர்மானித்தான். சும்மா சைக்கிளா இது? பிரான்சிலிருந்து மச்சான் அனுப்பிய ரேஸ் சைக்கிள். ஒற்றை விரலால் தூக்கலாம். அதுதான் பயமே. இவனும் தூக்கிவிடலாம்.

ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வீட்டில் இருந்தது. அதன் பெயர் பிரேமினி.

"இஞ்சேருங்கோ," என்று போன கிழமை அவள் தொடங்கியிருந்தாள், "உங்கட சைக்கிள் ஒரு வருசமா விறாந்தையில நிக்குது. எனக்கு ஈரத்துவாய் போடத்தான் உதவுது. நான் இந்தக் கைமெசினைச் சுத்திச் சுத்தி யூனிபோம் தைச்சு, தோள்மூட்டுக் கழண்டு போச்சு. கோயில் சைக்கிளோட்டத்தில நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடப்போறீங்களாம், என்ன? ஆறு மணிக் கோயில் மணி அடிக்க முதல் ஓடி முடிச்சால் அது உங்கட சைக்கிள். மணி அடிச்சாப் பிறகு வந்தால், அதைக் குடுத்துப்போட்டு நான் ஒரு கரண்ட் மெசின் எடுப்பன். சம்மதமோ?"

"ஓம்!" என்று மார்தட்டினான் றொகான். அப்போது வயிறு நிறைய இடியப்பம் இருந்தது.

இப்போது ஒன்றுமில்லை. வழிக்கென்று கொண்டுவந்த வாழைப்பழங்களைச் சட்டையின் பின் பொக்கற்றில் வைத்திருந்தான். தலைமன்னாரில் தண்ணீர் குடிக்கக் குனிந்த நேரம் பார்த்து, ஒரு கழுதை அவற்றைத் தோலோடு உருவித் தின்றுவிட்டது.

ஒட்டுப்போடும் பசைக் குழாயைப் பிதுக்கினான். காய்ந்து கல்லாகியிருந்தது.

"றொகான் அண்ணை!"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பெயர் இவனுக்கு எப்படித் தெரியும்?

ஹெல்மெற்றைக் கழற்றாமலே அந்த ஆள் ஓடிவந்தான். கட்டையான உருவம். றொகானின் முழங்கால் சிராய்ப்பைக் கண்டுகொள்ளவேயில்லை. சைக்கிளின் முன் குந்தி, அதை ஒருமுறை தடவினான்.

"விழுந்தனீங்களோ? பெயின்ற் ஒண்டும் உரஞ்சேல்லையே?"

"தம்பி, நீங்கள் ஆர்?"

"நானோ? இந்தப் பக்கம் ஒரு அலுவலா வந்தனான். பெயர் விதுசன். என்னட்டப் புதுப் பசை இருக்கு, தாங்கோ. காத்தில்லாமல் மட்டும் ஓடிப்போடாதேங்கோ, றிம் நெளிஞ்சிடும். நீங்கள் முதல்ல சாப்பிடுங்கோ."

சோற்றுப் பார்சல் ஒன்று நீண்டது. இறைச்சிக் கறி வாசம் மூக்கைத் துளைத்தது. கள்ளன் தரும் சோற்றைத் தின்னலாமா? வேண்டாம் என்று மூளை சொன்னது. கை அதற்குள் பொட்டலத்தை அவிழ்த்துவிட்டது. ஒரு கையால் சோற்றைக் குழைத்து, மறு கையால் முன் சில்லை இறுக்கிப் பிடித்தபடி சாப்பிட்டான்.

"எருமைத் தயிரும் கிடக்கு அண்ணை. பனங்கட்டியும் கொண்டந்தனான்."

"நேரமில்லை தம்பி!"

"தயிர் குடிக்கிறதுக்கு என்ன நேரம்? ஒரு வாய்!"

ஒரு வாய் ஒரு சட்டியானது. மருத மரத்து நிழல். குளத்துக் காற்று. கண்ணை ஒரேயொரு தரம் மூடினான்.

திறந்தபோது நிழல் நீண்டு கிடந்தது. கையில் சில்லு இல்லை. சில்லோடு சேர்ந்த சைக்கிளும் இல்லை.

"மடு மாதாவே! கள்ளன்! கள்ளன்!"

"இஞ்ச நிக்கிறன் அண்ணை!"

குளக்கட்டில், இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சைக்கிளில் மிதந்து வந்துகொண்டிருந்தான் விதுசன். ஹெல்மெற்றுக்குள் முகம் முழுக்கப் பல்.

"தாலாட்டுற மாதிரிப் போகுது!"

"இறங்கடா!"

"கோவிக்காதேங்கோ. ஒட்டுப் பிடிச்சுதோ எண்டு ஓடிப் பாத்தனான்."

றொகான் பறித்துக்கொண்டு பறந்தான். நாலு மிதி மிதித்ததும் முழங்கால் தாடையில் இடித்தது. சீற்றை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருக்கிறான் பாவி! சரிசெய்ய நேரமில்லை. சர்க்கஸ் கரடிபோல மிதித்தான். ஏப்பம் ஒவ்வொன்றும் தயிராக வந்தது.

நானாட்டான் வயல்வெளி. மன்னாரை நோக்கிச் சூரியனும் இறங்கிக்கொண்டிருந்தது, அவனைவிட வேகமாக.

"உஸ்ஸ்ஸ்ஸ்..."

ஒட்டுப் பிய்ந்துவிட்டது. ரியூப்பும் கிழிந்துவிட்டது. மாற்று ரியூப் கிடையாது.

பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"விடுங்கோ அண்ணை," விதுசனின் குரலில் தேன் ஒழுகியது. "உடம்புக்கும் கூடாது. ஒரு ட்ரக்டரைப் பிடிச்சு, சாக்கு விரிச்சு, சைக்கிளைப் பக்குவமா ஏத்துவம். ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன, கொள்ளையா போகுது?"

கொள்ளை என்ற சொல் றொகானைச் சுட்டது. சுற்றுமுற்றும் பார்த்தான். அறுவடை முடிந்த வயலில் வைக்கோற்போர் ஒன்று நின்றது.

ஓடினான். அள்ளினான். ரயரைப் பிளந்து, கிழிந்த ரியூப்பை உருவி எறிந்துவிட்டு, வைக்கோலைத் திணி திணி என்று திணித்தான்.

"ஐயோ அண்ணை! புது ரயர்!" விதுசன் தலையில் கை வைத்துக்கொண்டு வரம்பில் குந்திவிட்டான். "வாயில்லாச் சீவனை என்ன செய்யிறீங்கள்?"

தடக் தடக் என்று அந்தச் சீவன் ஓடியது. இருபுறமும் மீசைபோல வைக்கோல் துருத்தி நின்றது. வங்காலைச் சந்தி போனது. பாலம் வந்தது. எதிர்க்காற்று கன்னத்தில் அறைந்தது. குனிந்து குனிந்து ஒருவாறு தீவுக்குள் நுழைந்துவிட்டான். தூரத்தில் கோயில் கோபுரம். அதன் கீழேதான் முடிவுக்கோடு.

அப்போதுதான் பஸ் நிலையத்தடியில் படுத்திருந்த கழுதை ஒன்று மூக்கை உயர்த்தியது.

முதலில் ஒன்று எழும்பியது. பிறகு அதன் சொந்தம், பந்தம், சம்பந்தி எல்லாம் எழும்பின. ஓடுகிற வைக்கோலை மன்னார்க் கழுதைகள் அதுவரை கண்டதில்லை.

"ங்ஹீ... ஹா!"

ஒரு வாய் பின் சில்லைக் கவ்வியது. ஒரு பிடி வைக்கோல் போயிற்று. ரயர் தொய்ந்தது. அடுத்த வாய் றொகானின் காற்சட்டையைக் குறிவைத்தது. கோபுரத்தடியில் மணிக்கயிற்றில் ஒரு கை ஏறுவது தெரிந்தது. றொகான் வாழ்க்கையில் மிதிக்காத மிதி மிதித்தான். அவன் பின்னால் கழுதைகள். கழுதைகளின் பின்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டு நீல ஹெல்மெற்.

கோட்டைத் தாண்டி, மணல்மூட்டையில் மோதி, விழுந்தான்.

டாண்... என்றது மணி.

"மணிக்கு முதல் வந்திட்டார்!" என்று கத்தினாள், ஓட்டத்துக்கு நேரம் பார்த்துக்கொண்டு நின்ற ஜெசிக்கா. விழுந்து கிடந்தவனின் கழுத்திலேயே மெடலைப் போட்டாள்.

பிரேமினி ஓடிவந்தாள். காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பதுபோலக் கோபுரத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள்.

"அதுக்கிடையில வந்திட்டீங்களோ?"

அவள் கண் கலங்கியிருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்றே றொகான் எடுத்துக்கொண்டான்.

"கழுதையளுக்கு நன்றி சொல்லு. அது கிடக்க, பிரேமினி, அந்தா வாறான் பார் கள்ளன்! காலமை தொட்டு என்ர சைக்கிளைக் களவெடுக்கத் திரியிறான். பொலிசைக் கூப்பிடு!"

பிரேமினி கூப்பிடவில்லை. குனிந்து சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

விதுசன் மிச்ச வைக்கோலைத் தின்ற கழுதைகளை விரட்டிவிட்டு, சைக்கிளை நிமிர்த்தினான். பொக்கற்றிலிருந்து லேஞ்சியை எடுத்து அதன் தூசியைத் துடைத்தான். தன் இடுப்பளவுக்கு அளவெடுத்ததுபோல நின்ற சீற்றைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பெருமூச்சு விட்டான். பிறகு ஹெல்மெற்றைக் கழற்றிக்கொண்டு பிரேமினியிடம் வந்தான்.

"அப்ப என்னக்கா, காலமை இவர் வெளிக்கிட்ட கையோட சைக்கிளுக்குப் பதிலா உங்கட வீட்டில இறக்கின கரண்ட் தையல் மெசினை நான் திருப்பி ஏத்தவோ?"