'கூடாது' அண்ணனும் ரோசம்மா பென்ஷனும்

மழை காசு வாங்காமல் பெய்கிறதே என்று வானத்தோடு சண்டைக்குப் போகக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஆரணியில்தான் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. தெரு வைத்த பெயர் 'கூடாது'.

சத்துணவு வந்தபோது, "வூட்ல அடுப்பு எதுக்கு கீது? பள்ளிக்கூடத்துல சோறு போடக் கூடாது!" என்றார். இலவச வேட்டி வந்தது. "நெய்யுற ஊருக்கே வந்து வேட்டி குட்க்கறானாம், இன்னா திமிரு!" என்று கொதித்தார். முதியோர் பென்ஷன் என்றால் உச்சஸ்தாயிதான். "பெத்த புள்ள எதுக்கு கீறான்? சர்க்கார் இன்னா மருமவளா, கஞ்சி ஊத்த?"

கேட்காமல் தப்பிக்க முடியாது. தறியில் ஏற்றுமுன் பட்டுப் பாவை, அதாவது புடவையின் நீளவாட்டு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவோம். அது காய்வதற்குள் ஒட்டிய இழைகளைப் பிரித்தாக வேண்டும். ஒருவரும் நகரக் கூடாது. ஒரு முனையில் பாவு கட்டிய கோலைப் பிடித்து விறைப்பாக இழுத்து நிற்பவர் இவர். காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால் இரண்டு கையும் பட்டில். கஞ்சி பாவில் ஏறியது, அவர் பேச்சு எங்கள் மேல் ஏறியது.

எதிர்வீட்டு ரோசம்மா அந்தப் பென்ஷனுக்கு மனுப் போட்டிருந்தார். ஆயுசுக்கும் பட்டு நூல் சுற்றி விரல் மடங்காமல் போனவர். பெங்களூரிலிருந்த மகன் எட்டிப் பார்ப்பதும் இல்லை, ஏன் என்று கேட்பதும் இல்லை. தெருவில் விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்த அன்று நாங்கள் பாவு நீட்டியிருந்தோம். ரோசம்மா வாசலில் நின்றிருந்தார்.

"இந்தம்மாவுக்குப் பையன் இருக்கானாமே?"

என்னோடு இழை பிரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மணி முந்திக்கொண்டான். "கீறான் சார். பெத்த புள்ள கீறப்போ சர்க்கார் எதுக்கு?"

நாலைந்து தலைகள் ஆடின. ரோசம்மா முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

"எவன்யா அப்டி சொன்னது?" கூடாதுவின் குரல்.

"நீங்கதாண்ணே! நேத்துகூடச் சொல்லிகினு இருந்தீங்களே!"

"நான் பொதுவா ஊரைச் சொன்னேன்யா! ரோசம்மா ஊரா?"

கத்திய வேகத்தில் கோலை விட்டுவிட்டார். சொந்த மகளுக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்தபோதுகூட விடாத கோல்! முகூர்த்தப் புடவைக்கான அரக்குப் பாவு சுருண்டு மண்ணில் விழுந்தது. பாவுக்குச் சொந்தக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இவர் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே திரும்பிய ரோசம்மாவின் கையைப் பிடித்து இன்ஸ்பெக்டர் முன் நீட்டினார்.

"புள்ள கீறான்றீங்களே, நீங்க பாத்தீங்களா சார்? நாங்க யாராச்சும் பாத்தோமா? இந்தக் கையப் பாருங்க! ஊருக்கே பட்டு சுத்திக் குட்த்த கை, ஒரு வாய் சோறு பிசைய முடியாம பேஜாராவுது. ஜல்தியா எழுதுங்க சார்!"

இன்ஸ்பெக்டர் எழுதினார். பென்ஷன் வந்தது.

அவர் திருந்தினாரா? அடுத்த பாவுக்கே, "பென்ஷன் குட்க்கறதே தப்பு" என்று ஆரம்பித்தார்.

"அப்ப ரோசம்மா?" என்றேன்.

"அது வேற."

"முனைவீட்டு பாய்?"

"கண்ணு தெரியாத மனுசன்யா. குட்க்காம?"

"சந்தவாசல் கீரைக்காரம்மா?"

"பாவம், தலைச்சுமை தூக்கியே கூனிப்பூட்ச்சி. குட்க்கணும்."

"அப்ப யாருக்குத்தாண்ணே கூடாது?"

கோலை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "தெள்ளார் பக்கம் எவனாச்சும் இருப்பான்யா!" என்றார் கோபமாக.

தெள்ளாருக்கு அவர் போனதே இல்லை. போயிருந்தால், அந்த ஆளையும் கையோடு தாலுகா ஆபீசுக்கு அழைத்து வந்திருப்பார்.