மலை தாண்டி ஒரு மாத்திரை

ஒரு காட்டில், மேலே ஏறினால் சிக்னல் கிடைக்கிற, கீழே இறங்கினால் போய்விடுகிற மலைக்காட்டில், கரும்பாயிரம் என்று ஒரு கரடி இருந்தார். 'இருந்தது' என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற மனுஷர். மனுஷர் இல்லை, கரடி. சரி, விடுங்கள்.

கரடிக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தத்தன்று பெண்ணைப் பெற்றவர் தானே வேங்கை மரத்தில் ஏறி, தேனடை இறக்கி, மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். ஆள் வைத்து இறக்கினால் செல்லாது. கொடுக்க முடியாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே திரும்பிப் போய்விடுவார்கள்.

கல்யாணத்துக்கு நாலு மாதம் இருக்கும்போது கரும்பாயிரம் ஏறிப் பார்த்தார். முதல் கிளைக்கே போகவில்லை. மரத்தைக் கட்டிப்பிடித்தபடி கீழே நின்று மூச்சு வாங்கினார். மகள் வடிவழகி அதைப் பார்த்துவிட்டு, குகைக்குள் போய் அழுதாள். அப்பன் மனசு துடித்துப்போய்விட்டது.

மறுநாளே மரங்கொத்தி டாக்டரம்மாவிடம் போனார். அங்கே ஃபாரம் வாங்க ஒரு வரிசை, நிரப்பிய ஃபாரத்தைக் காட்ட இன்னொரு வரிசை. இரண்டையும் தாண்டி உள்ளே போனதும், டாக்டரம்மா அவர் நெஞ்சில் நாலு தட்டு தட்டி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தார்.

"அண்ணே, கொழுப்பு ஏறி ஏறி உடம்பு உள்ளுக்குள்ளயே துருப்பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. துரு எட்டுன்னு மெஷின் காட்டுது. நாலுக்குள்ள இருக்கணும். தினமும் நடங்க."

"நடக்கணும்னா, எப்படி?"

"ஒரு காலை எடுத்து வெச்சு, அப்புறம் அடுத்த காலை எடுத்து வைக்கணும்."

அடுத்த நாள் கரும்பாயிரம் ஓடைக்கரையில் நாலு நடை போய் வந்தார். மூச்சிரைக்க நேரே வந்து மெஷினில் விரலை நீட்டினார். ஒன்பது!

"பாத்தீங்களா? நடந்தா கூடுது!"

"அடுப்பு மூட்டினதும் முதல்ல புகை வரத்தான் செய்யும் அண்ணே. அதை வெளியேத்த உடம்பே கத்துக்கும். ரெண்டு மாசம் விடாம நடந்துட்டு வந்து பாருங்க."

"கூடினது கூடினதுதானே!" என்று சொல்லிவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருந்த நரி நல்லமுத்துவிடம் போனார்.

கடை வாசலில் போர்டு தொங்கியது: 'துருநீக்கி மாத்திரை. உட்கார்ந்த இடத்திலேயே குணம்.' மாத்திரைக்குள்ளே இருந்தது வெறும் நெல்லிக்காய்ப் பொடி. அதை நல்லமுத்து பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான் அண்ணாச்சி. அன்னன்னைக்கு வந்து ஃப்ரெஷ்ஷா வாங்கிக்கணும்" என்றது நரி. மாத்திரைக்கு விலை ஒரு கூடை இலந்தைப்பழம். தினமும் ஆள் வந்தால் தினமும் ஒரு கூடை வரும். நரியின் வைத்திய ஞானம் அவ்வளவுதான்.

அன்றிலிருந்து கரும்பாயிரம் விடிந்ததும் எழுந்து இலந்தைப்பழம் பொறுக்குவார். முன்பெல்லாம் அது அவருடைய காலைப் பலகாரம். இப்போது கூடையோடு மலை ஏறி, இறங்கி, டோக்கன் வாங்கி, கால் கடுக்க நின்று, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மறுபடியும் ஏறி இறங்கி வீட்டுக்கு வருவார். இரண்டு மாதத்தில் மெஷின் ஐந்து காட்டியது. வேங்கையில் இரண்டாம் கிளை வரை ஏறிவிட்டார்.

டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "நான் சொன்னேன்ல? நடந்தது வேலை செய்யுது!"

"நடந்தேனா? நான் எங்கம்மா நடந்தேன்? கடைக்குல்ல போயிட்டு வந்தேன்!"

"கடைக்கு எப்படிப் போனீங்க?"

"மலை ஏறித்தான். அது போக்குவரத்து. எக்சர்சைஸ்னா அதுக்குன்னு தனி ஷூ இருக்கும்மா."

இந்த நேரம் பார்த்து நரிக்கு வியாபாரம் பெருத்துவிட்டது. ஒரு போன் போட்டால் போதும், பருந்து வீட்டு வாசலில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் போகும், எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அறிவித்தது. கரும்பாயிரம் குகை வாசலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, சீக்கிரம் குணமாகட்டும் என்று நாளைக்கு ஐந்து மாத்திரை முழுங்கினார். மூன்றே வாரம். இரண்டாம் கிளை கைவிட்டுப் போயிற்று, அப்புறம் முதல் கிளையும் போயிற்று.

டாக்டரம்மா பதறிப்போய் வீட்டுக்கே வந்தார். மெஷின் ஏழு காட்டியது.

"அஞ்சு அஞ்சா முழுங்கினா உடம்பு தன் வேலையைத் தான் செய்ய மறந்துடும் அண்ணே. மாத்திரை இல்ல, மலைதான் உங்களை இளைக்க வெச்சுது. எழுந்து நடங்க!"

"உங்களுக்கு நரி மேல பொறாமை" என்று கரடி திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பின்னால் வடிவழகி நின்றிருந்தாள். கையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. யாருக்கும் கொடுக்கத் தைரியம் வராமல் அப்படியே வைத்திருந்தாள். டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். இருபது வருஷமாக நோயாளியிடம் ஒரு பொய் சொல்லாதவர், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி அண்ணே, உள்ளதைச் சொல்லிடறேன். பருந்து தூக்கிட்டு வர்றப்ப மேல்காத்து பட்டு மாத்திரை செத்துப்போகுது. கடையிலயே வாங்கி அங்கேயே வாயில போடணும். அதோட சூடு ஆறுறதுக்குள்ள விறுவிறுன்னு மலை ஏறி வீடு வந்து சேரணும். ஒண்ணுக்கு மேல போட்டா உள்ளே ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும்."

கரும்பாயிரம் துள்ளி உட்கார்ந்தார். "அடக் கடவுளே! இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? நடங்க நடங்கன்னு என்னமோ உளறிக்கிட்டு இருந்தீங்களே!"

கூடையை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார். சூடு ஆறிவிடுமோ என்ற பயத்தில் வரும்போது ஓட்டமாகவே ஓடி வந்தார்.

கல்யாணத்தன்று ஊரே அண்ணாந்து பார்க்க, கரும்பாயிரம் உச்சிக்கிளை வரை ஏறி, தேனீக்களிடம் கொட்டு வாங்கி, முகமெல்லாம் வீங்கிப்போய் தேனடையோடு இறங்கி வந்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். வடிவழகி மணவறையை விட்டு ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். கரும்பாயிரம் நரியை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். டாக்டரம்மாவுக்கு மூன்றாம் பந்தியில் இடம் கிடைத்தது. அப்பளம் தீர்ந்துபோயிருந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். யானை, காட்டுப்பன்றி, இரண்டு முள்ளம்பன்றி, இன்னும் யார் யாரோ. எல்லோருக்கும் கரடி சாப்பிட்ட அதே மருந்துதான் வேண்டுமாம். டாக்டரம்மா யாரையும் நடக்கச் சொல்லவில்லை. ரத்தம்கூட எடுக்கவில்லை.

"உங்க வீடு எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு கடையின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

நீதி: உடம்பு தேற வேண்டுமானால் உண்மையை நம்பாதே. வீட்டிலிருந்து நாலு மைல் தள்ளி இருக்கிற பொய்யாகப் பார்த்து நம்பு.