மேடைக் கட்டில்

விடுதி வாசலில் கிடந்த எடை எந்திரத்தின் மேல் சித்ரலேகா மறுபடியும் ஏறி நின்றாள். செருப்பைக் கழற்றியாயிற்று, கைக்கடிகாரத்தைக் கழற்றியாயிற்று, மூச்சையும் முடிந்தமட்டும் வெளியே விட்டாயிற்று. முள் ஐம்பத்திரண்டை விட்டு இறங்குவதாக இல்லை.

"நாப்பத்தஞ்சுக்குக் கீழ இருந்தாத்தான் ரத்தம் எடுக்கமாட்டாவ. மீதியக் கொண்டுபோய் எங்கனட்டி இறக்கிவைக்கப் போற?" என்றாள் பக்கத்தில் நின்ற ராஜராஜேஸ்வரி. மூன்றாம் ஆண்டு மாணவி. கல்லூரிக்கே ராஜி அக்கா.

பாளையங்கோட்டையில் இருந்த அந்த நர்சிங் கல்லூரியில் ஆண்டுதோறும் ரத்ததான முகாம் நடக்கும். நடத்துவது மாணவச் செவிலியர் சங்கம். பதினெட்டு தாண்டிய மாணவிகள் அத்தனை பேரும் படுத்தாக வேண்டும். போன வருடம் வயது நிறையவில்லை என்று தப்பித்த சித்ரலேகாவுக்கு இந்த வருடம் அந்தச் சாக்கும் இல்லை.

அடுத்தவர் கையில் ஊசி போடுவது அவளுக்கு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவது மாதிரி. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்று அவள் சொல்லும் அழகில் மயங்கி நோயாளிகள் தாமாகவே கையை நீட்டுவார்கள். ஊசிமுனை அவள் பக்கம் திரும்பினால்தான் கதை வேறு. களக்காட்டில் பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசிக்காரர்கள் வந்த அன்று காம்பவுண்டுச் சுவரேறிக் குதித்து, வாழைத்தோட்டத்தில் பொழுது சாயும்வரை ஒளிந்திருந்தவள் அவள். அப்பா ஞானசம்பந்தன் அதே பள்ளியில் தமிழாசிரியர் என்பதால் விஷயம் அமுக்கப்பட்டது.

"ஒரு வழி இருக்கு. பேசாம சங்கத்துல சேந்துரு" என்றாள் ராஜி அக்கா.

"சங்கந்தான ரத்தம் எடுக்கச் சொல்லுது?"

"பந்தி பரிமாறுதவ பந்தியில உக்காருவாளாட்டி? மைக்கு, மாலை, சோடான்னு ஓடிக்கிட்டே இருந்தா ஒன்ன யாரு படுக்கச் சொல்லப் போறா? மூணு வருசமா நானே இப்படித்தான் ஓட்டுதேன்."

சித்ரலேகாவுக்கு அன்றைக்கே சேவை மனப்பான்மை பொங்கிற்று.

மறுநாள் மாலை சங்கக் கூட்டத்தில் கடைசி வரிசையாகப் பார்த்து உட்கார்ந்தாள். செயலாளர் பதவி ஆள் இல்லாமல் பல மாதமாகக் காலியாகக் கிடந்தது அவளுக்குத் தெரியாது. சங்கத்தின் ஆலோசகர் யூனிஸ் மேடத்துக்குத் தெரியும்.

"புதுசா ஒரு பிள்ளை தானாவே முன்வந்திருக்கு. நமக்குச் செயலாளர் கிடைச்சாச்சு!"

கைதட்டல் ஓய வெகுநேரம் பிடித்தது. தப்பித்தவர்களின் கைதட்டல் எப்போதுமே பலமாகத்தான் இருக்கும்.

சித்ரலேகா மனம் தளரவில்லை. நாலு கட்டிலுக்கு நானூறு பேர் வந்து நின்றால் செயலாளரை யார் தேடுவார்கள்? வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசினாள். போதாதென்று பக்கத்துப் பாலிடெக்னிக்குக்கும் போனாள். "ஊசிக்குப் பயப்படுதவன் ஒரு ஆம்பிளையா? நீங்க குடுக்குத ஒரு பை ரத்தம் ஒரு தாயைக் காப்பாத்தும்" என்று முழங்கினாள். பயத்தில் எழுந்த குரலுக்குத் தனி உருக்கம் உண்டு. பையன்கள் தாய்மார்களை நினைத்தார்களோ, பேசியவளை நினைத்தார்களோ, மொத்த வகுப்பும் கையைத் தூக்கியது.

செய்தி கேட்டு யூனிஸ் மேடம் பூரித்துப்போனார்.

"இப்படிப் பேசுத பிள்ளையக் கூட்டத்தோட கூட்டமாவா படுக்க வைக்க? மேடையிலயே ஒரு கட்டில் போடுவோம். முதல்ல நான், அடுத்து தலைமை விருந்தினர், மூணாவது நீ. அதைப் பாத்த பெறவு பையன்கள கீழ இருக்க கட்டிலுக்கு அனுப்புவோம். நாம முன்மாதிரியா இருக்கணுமா இல்லையா?"

சித்ரலேகா தலையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், எனக்கு ரத்தசோகை இருக்கும்னு நினைக்கேன். தலை சுத்திக்கிட்டே இருக்கு" என்றாள்.

மேடம் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "செம்பருத்திப் பூ மாதிரில்லா இருக்கு! சந்தேகம்னா விரல்ல ஒரு குத்து குத்திச் சோதிச்சிருவோமா?"

"இப்ப சுத்தலை மேடம். நின்னுட்டு."

கடைசி ஆயுதமாக எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள்.

"அப்பா, வர்ற வெள்ளிக்கிழமை என்னை அவசரமா வீட்டுக்கு அனுப்பச் சொல்லி காலேஜுக்கு ஒரு போன் போடுங்கப்பா."

"ஏம்மா, அன்னைக்கு என்ன?"

"ரத்ததானம்... நான் செயலாளராம்... மேடையில என்னைப் படுக்கச் சொல்லுதாவ."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை.

"சுவரேறிக் குதிச்ச பிள்ளையா இது! நீ அங்கனயே இரும்மா. நாங்க வந்துருதோம்."

வெள்ளிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார்கள். அப்பா, அம்மா, ரத்தம் கொடுப்பவர்களுக்கென்று ஒரு முழுத்தார் மட்டி வாழைப்பழம். அப்பா மேடைக்கு நேர் எதிரே நாற்காலி பிடித்து உட்கார்ந்தார். போகிற வருகிறவர்களிடமெல்லாம், "செயலாளர் நம்ம பிள்ளைதான்" என்றார்.

அரங்கம் நிறைந்திருந்தது. பாலிடெக்னிக் பையன்கள் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கீழே வரிசையில் நின்றார்கள். கூட்டம் மிரளக்கூடாதென்று மேடைக் கட்டிலின் ரத்தப் பையை வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

முதலில் யூனிஸ் மேடம் படுத்தார். ரத்த வங்கி ஊழியர் சிவசண்முகம் குனிந்ததும் அவர் உதடு அசைந்தது. ஜெபம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் சித்ரலேகா. ஒரு முகச்சுளிப்பு இல்லை. போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே கொடுத்து முடித்து, முழங்கை மடிப்பில் பிளாஸ்திரியோடு எழுந்தார்.

அடுத்து தலைமை விருந்தினர், பாத்திரக்கடை மந்திரமூர்த்தி அண்ணாச்சி. அவர் படுத்துக்கொண்டே பேசினார். மைக்கைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைக்கச் சொல்லி, தியாகத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். "ஊசி ஏறுனதே எனக்குத் தெரியலவே!" என்றார். அரங்கம் அதிர்ந்தது. அவரும் பிளாஸ்திரியோடு எழுந்து சோடா குடித்தார்.

"அடுத்து, நமது சங்கச் செயலாளர்!"

சித்ரலேகா மேடையின் பின்வாசலைப் பார்த்தாள். பழத்தார் வழியை அடைத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் அம்மா. முன்னால் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். அவர் கண் நிறைந்திருந்தது.

படுத்தாள். உத்தரத்தைப் பார்த்தபடி கிடந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வயதில் மேடம் எப்படிக் கிடந்தார்! பாத்திரம் விற்கிற மனுஷன் பிரசங்கம் பண்ணுகிறார்! தினமும் பத்துப் பேரைக் குத்துகிற நமக்கு மட்டும் என்ன கேடு? இத்தனை பேரில் நான் ஒருத்திதான் கோழை. பல்லைக் கடித்துக் கையை நீட்டினாள்.

"குத்தட்டுமா?" என்றார் சிவசண்முகம், மெதுவாக.

"குத்துங்க."

எறும்பு இல்லை. எறும்பாகவே இருந்தாலும் இது வேறு ஜாதி எறும்பு.

"எம்ம்ம்மோ!"

அண்ணாச்சிக்காக இழுத்து வைத்த மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. அலறல் நாலு ஒலிபெருக்கியிலும் புறப்பட்டு, தெருவைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. வரிசையில் முதலாவதாக நின்ற பையன் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு பைய நழுவினான். அடுத்தவன் அவனைக் கூப்பிடப் போகிற பாவனையில் போனான். மற்றவர்கள் பாவனைக்கெல்லாம் மெனக்கெடவில்லை. செருப்புகள் வாசலில் கலைந்து கிடந்தன. வரிசை இருந்த இடத்தில் ஒரு சீப்பு மட்டும் கிடந்தது. நர்சிங் மாணவிகளுக்கும் ஒரே சமயத்தில் வார்டு டூட்டி ஞாபகம் வந்துவிட்டது.

சித்ரலேகா கண்ணீர் வழிய வழிய, பை நிறையும்வரை அசையாமல் கிடந்தாள். எழுந்து உட்கார்ந்ததும் யூனிஸ் மேடம் பாய்ந்தார்.

"ஒத்தக் கத்தல்ல முகாமையே கலைச்சிட்டியேட்டி! நான் கத்துனேனா? அண்ணாச்சி கத்துனாவளா? தியாகம்னா சும்மாவா? நர்சா ஆவப்போற பிள்ளைக்கு இந்தத் துணிச்சல் கூட இல்லையே!"

"என் கடையில பித்தாள அண்டா விழுந்தாக்கூட இம்புட்டுச் சத்தம் வராது வே" என்றார் அண்ணாச்சி, பிளாஸ்திரியைத் தடவியபடி.

அப்பா ஒரு பழத்தை உரித்து மகள் கையில் கொடுத்தார். அவள் அதைக் கையில் வைத்தபடியே இருந்தாள். எல்லோரும் போன பின்பு, சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த சிவசண்முகத்திடம் தயங்கித் தயங்கிப் போனாள்.

"என்னால எல்லாம் கெட்டுப்போச்சு அண்ணே. மேடையில எடுத்த மூணு பையாவது தேறிச்சே, அந்த மட்டும் சந்தோசம்."

சிவசண்முகம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு எங்கனம்மா இருக்கு, ஒன்னோட பை ஒண்ணுதான்! எந்த முகாம்லயும் மேடைக் கட்டில்ல படுக்குதவுக எல்லாரும் நான் குனிஞ்சதும் 'சும்மா பிளாஸ்திரி மட்டும் ஒட்டும்'னு காதுல சொல்லிருவாவ. நீ ஒண்ணுமே சொல்லலையே தாயி!"