முழங்காலிடமிருந்து தகவல் இல்லை

"தட்டுறேன்" என்றார் தடித்த கண்ணாடி போட்ட வயதான டாக்டர் உராகாமி.

கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த டிராம் ஓட்டுநர் ஹசுமி, டாக்டர் சொன்னபடியே கண்களை இறுக மூடி, இரண்டு கை விரல்களையும் கோத்து இழுத்துப் பிடித்தார். டொக் என்று சத்தம் கேட்டது. முழங்காலோ தேமே என்று தொங்கிக்கொண்டிருந்தது. தட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"உதைக்கலையே! வெள்ளிக்கிழமை மறுபடி வாங்க. அப்பவும் இப்படித்தான்னா, டிராம் ஓட்ட அனுமதி கிடையாது" என்றார் டாக்டர்.

சனிக்கிழமை கனாசே ஊரில் புத்தம்புது டிராம் ஓடப்போகிறது. முதல் ஓட்டம் ஹசுமிக்குத்தான். தொப்பியைக்கூட இஸ்திரி போட்டு வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஃபுசாயேயிடம் கொட்டித் தீர்த்தார். "முழங்காலுக்குக் கீழ தட்டினா, நரம்பு வழியா மின்சாரம் மாதிரி செய்தி முதுகுத்தண்டுக்கு ஓடுமாம். அங்கிருந்தே 'உதை'ன்னு உத்தரவு திரும்பி வருமாம். மூளையைக் கேக்கவே கேக்காதாம்!"

"இந்த வீட்ல எதுதான் உங்க மூளையைக் கேட்டு நடந்திருக்கு? காலை நீட்டுங்க" என்று எள் அரைக்கும் மரக்குழவியை எடுத்து வந்தாள் ஃபுசாயே.

ஓங்கி ஒரு போடு போட்டாள்.

"ஐயோ!"

"வாய்தான் உதைக்குது, கால் உதைக்கலையே" என்று இன்னும் நாலு போடு போட்டாள். பயத்தில் ஹசுமி காலை விறைத்துப் பிடிக்க, அது அசையவே இல்லை. காலையில் முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

வீக்கத்துக்கு டிப்போ மேலாளர் குரோதானி வைத்தியம் சொன்னார். "வலிக்கு ஒட்டுற பட்டை இருக்கே, குளுகுளுன்னு, அதை ஒட்டு."

ஒன்று ஒட்டச் சொன்னால் ஹசுமி முழங்காலைச் சுற்றி ஆறு ஒட்டினார். வீக்கம் வடிந்தது. கூடவே உணர்ச்சியும் போய்விட்டது. கிள்ளினாலும் தெரியவில்லை.

"போச்சு ஃபுசாயே! நரம்பு செத்தே போச்சு!"

"கத்தாதீங்க. பக்கத்து வீட்டு ஓனுமா-சான் மூலிகை சுட்டு வைப்பாரு. செத்த நரம்பும் எழுந்து உட்காரும்பாங்க."

ஓனுமா முழங்கால் மேல் மூலிகையை உருட்டி வைத்துப் பற்றவைத்தார். மரத்த காலுக்குச் சூடு எங்கே உறைக்கப் போகிறது? "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று ஹசுமியே கேட்டு வாங்கிக்கொண்டார். ராத்திரி பட்டைகளின் வேகம் இறங்கியதும் கொப்புளம் எரிந்தது பாருங்கள், மனிதர் ஒற்றைக்காலில் வீட்டைச் சுற்றி வந்தார்.

நரம்பை நம்பிப் பயனில்லை என்று அப்போதுதான் முடிவு கட்டினார். இனி காதுதான் கதி. டாக்டர் தட்டும்போது டொக் என்று கேட்கும். கேட்ட கணமே தானே வேண்டுமென்று உதைத்துவிட வேண்டியது. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

ஃபுசாயே குழவியால் உரலைத் தட்ட, ஹசுமி உதைத்தார். டொக், உதை. டொக், உதை. பயிற்சி அபாரமாகப் பலித்தது. மறுநாள் ஃபுசாயே அடுப்படியில் முள்ளங்கி நறுக்க, இங்கே சாப்பாட்டு மேசை எகிறி மிசோ சூப் சுவரில் வழிந்தது. டிப்போவில் குரோதானி தேநீர்க் கிண்ணத்தை டொக் என்று வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஹசுமியின் கால் நேராக அவருடைய கணுக்காலைப் பதம் பார்த்தது.

"அடப்பாவி! இந்தக் காலையா வேலை செய்யலன்னு சொன்னாங்க?" என்று அலறினார் குரோதானி.

வெள்ளிக்கிழமையும் வந்தது. டிராம் ஓட்டுநர்களுக்கு எதையும் விரல் நீட்டி உரக்கச் சொல்லிச் சரிபார்த்தால்தான் மனசு ஆறும். கட்டிலில் உட்கார்ந்த ஹசுமி தன் காலையே சுட்டிக்காட்டி, "வலது முழங்கால், தயார்!" என்று கத்தினார். நர்ஸ் நிஷிகிரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணை மூடுங்க. தட்டுறேன்" என்றார் டாக்டர்.

ஹசுமி கண்ணை இறுக மூடிக் காதைத் தீட்டிக்கொண்டார். தொப்பி, மேயர், மணியோசை, ஜன்னல் ஜன்னலாகக் கையசைக்கும் ஊர் எல்லாம் மூடிய கண்ணுக்குள் ஓடின.

டொக்!

உதைத்தார். செருப்பு பறந்துபோய் ஜன்னல் திரையில் மாட்டிக்கொண்டது.

"அடேயப்பா! இந்த வயசுல இப்படி ஒரு நரம்பா!" டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. முத்திரையை எடுத்து அனுமதிச் சீட்டில் டொக் என்று குத்தினார். ஹசுமியின் கால் இன்னொரு தடவை உதைத்தது.

"பாருங்க, பாருங்க, இன்னும் துடிக்குது! நாளைக்கு நானும் உங்க டிராம்லதான் வரப்போறேன்!" என்று சிரித்தபடி டாக்டர் அடுத்த அறைக்குப் போனார்.

ஹசுமிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் ஒரு பக்கம், ஏமாற்றிவிட்டோமே என்ற உறுத்தல் ஒரு பக்கம். நர்ஸ் நிஷிகிரி செருப்பைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தாள்.

"ஹசுமி-சான், அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி, டாக்டர் தட்டினது கட்டில் சட்டத்தைத்தான். பெரியவர்கிட்ட யாருங்க போய்ச் சொல்றது?"