சம்பந்தியம்மாள் ‘நைஸ்’ என்றார், நான் வாயைத் திறந்தேன்

சம்பந்தி ஆகவிருந்த, இன்னும் ஆகக்கூடும் என்று நான் நம்புகிற ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு என்னைத் தவிர அனைவரும் நலம். தாங்களும் தங்கள் துணைவியாரும் கோபம் தணிந்து நலமாக இருக்க வேண்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கெல்லாம் மூல காரணம் என் அலுவலக நண்பர்கள். முப்பத்திநாலு வருஷம் தொலைபேசிப் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்ற எனக்கு ஒரு கடிகாரம் கொடுத்திருக்கலாம். ஆங்கிலச் சொற்கள் பிறந்த கதையைச் சொல்லும், தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் அட்டை முதல் அட்டை வரை படித்தேன். படித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. நான் பேச ஆரம்பித்தால் என் மனைவி மிக்ஸியைப் போடுகிறாள். பால்காரர் பாக்கெட்டை வாசலில் வீசிவிட்டு ஓடுகிறார். இந்த நிலையில்தான் தாங்கள் குடும்பத்தோடு கல்யாணத் தேதி பேச வந்தீர்கள்.

தங்கள் துணைவியார் என் மகளைப் பார்த்து, “பொண்ணு ரொம்ப நைஸ்” என்றார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். “நைஸுன்னா ஆதியில லத்தீன்ல ஒண்ணும் தெரியாதவன்னு அர்த்தம். பழைய இங்கிலீஷ்ல முட்டாளைத்தான் அப்படிச் சொன்னாங்க” என்றேன். அம்மையார் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

“அப்ப உங்க பொண்ணை நான் முட்டாள்னு சொல்றேனா?”

“நீங்க சொல்லலைங்க, லத்தீன் சொல்லுது.”

பேச்சை மாற்றத் தங்கள் உடற்கட்டைப் பாராட்டினேன். தாங்களும் சட்டைக் கையை மடித்து, தினம் ஜிம்முக்குப் போய் மசில் ஏற்றிய கதையைச் சொன்னீர்கள். “மசில்னா லத்தீன்ல குட்டி எலி. தோலுக்கு அடியில எலி ஓடற மாதிரி இருக்குன்னு வெச்ச பேரு” என்று நான் சொன்னது உண்மை. தங்கள் புஜத்தைப் பார்த்து “குட்டிதான்” என்று சேர்த்துக்கொண்டதும் உண்மை. நான் சொன்னது லத்தீனை, அளவை அல்ல.

என் மனைவி சமையலறையிலிருந்து கண்ணை உருட்டினாள். சரி, நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிச் சமாளித்துவிடுவோம் என்று மாப்பிள்ளை தோளைத் தட்டி, “மாப்பிள்ளை பெரிய சில்லி” என்றேன். சில்லி என்றால் இன்றைக்குத்தான் அசடு; அந்தக் காலத்தில் கடவுள் அருள் பெற்றவர் என்று பொருள், ஐயா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் தாங்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

அன்று முதல் என் மகள் என்னிடம் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கிறாள். முப்பத்திநாலு வருஷம் ஊர்ப் புகாரையெல்லாம் கேட்ட காதுக்கு இந்த மௌனம்தான் தாங்கவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. கல்யாணத்தை நிறுத்திவிடாதீர்கள். மண்டபத்தில் நான் வாயே திறக்கமாட்டேன் என்று இதன்மூலம் எழுதிக் கொடுக்கிறேன்.

தங்கள் இல்லத்துப் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும்.

தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
பெண்ணின் தகப்பன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் என் மகளும் தங்கள் மகனும் ஜோடியாக வந்து நிற்கிறார்கள். நேற்றே பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தை முடித்துவிட்டார்களாம். சாட்சிக் கையெழுத்து என் மனைவியும் தங்கள் துணைவியாரும். நம் இருவரையும் ஒரே மண்டபத்தில் வைத்துச் சமாளிக்க முடியாது என்று அந்த இரண்டு அம்மாக்களும் கூடிப் பேசி எடுத்த முடிவாம். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். விஷயம் இன்னும் தங்களுக்குத் தெரியாதாம். பக்குவமாக எடுத்துச் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள்.