போட்டு வாரும், சிவபாதம்

உ

இறுப்பிட்டி,
புங்குடுதீவு.
ஆனி 12

பெருமதிப்புக்குரிய அம்பிகை அக்காவுக்கு, தம்பி தம்பிஐயா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மனுசிக்கு முழங்கால், எனக்கு இரத்த அழுத்தம், கிணற்றுக்கு உவர். மற்றபடி ஒரு குறையுமில்லை. உங்களுக்கும் அத்தானுக்கும் ரொறன்ரோக் குளிர் ஒத்துக்கொள்ள வேண்டுமென்று நயினாதீவு அம்மனிடம் கேட்டிருக்கிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். எனக்குக் காது மந்தம். போனைச் சத்தமாகப் போட்டால்தான் கேட்கும், அப்படிப் போட்டால் பக்கத்தில் இருப்பவனுக்கும் கேட்கும். பக்கத்தில் இருப்பவன் சிவபாதம். விஷயமே அவனைப் பற்றியது. அத்தானுடைய சித்தப்பாவின் மகனை ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும், கை வருகுதில்லை, அத்தான் மன்னிக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு நீங்கள் போன் எடுத்து, “தம்பி, சிவபாதம் பாவமடா, நாப்பத்தெட்டு வயசிலை வேலையில்லாமல் நிக்கிறான், உன்ரை மோட்டர்க் கடையிலை சேர்த்துவிடு” என்று சொன்னது நினைவிருக்கும். நீங்கள் சொல்லி நான் எதைத் தட்டினேன்? சேர்த்தேன். முதல் வருடம் தங்கமான மனிதன். எதைச் சொன்னாலும் “ஓம் அண்ணை”. எனக்குத் தலைசுற்று வந்த பிறகு கிணற்றுக்குள் இறங்க ஏலாது. அவன் கிணற்றுப் படியில் இறங்கி, உள்தட்டில் இருக்கும் மோட்டரைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வருவான். எனக்குக் கடவுள் தந்த கை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்தத் தண்ணீர் மோட்டரைத் திறந்தாலும், திருத்தத் தொடங்க முதல், உள்ளே தண்ணீரை அள்ளி எறிகிற பித்தளை விசிறியில் ஒரு பிள்ளையார் சுழி கீறுவேன். முப்பது வருடமாகக் கீறுகிறேன். ஆள் இருக்கிற வீடு, ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிற வீடு, எல்லா வீட்டு மோட்டருக்குள்ளும் என்னுடைய சுழி இருக்கும், இடப்பக்கம் கொஞ்சம் சரிந்துபோய். இப்போது வருகிற விசிறி எல்லாம் பிளாஸ்டிக். நல்ல பித்தளை வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தில் பழைய சாமான் கடைகளில்தான் தேட வேண்டும். தை மாதம் அப்படிப் போய் மூன்று விசிறி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன், வேலணை தாண்டும்போது ஒன்றை எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு சுழி, இடப்பக்கம் சரிந்த சுழி. மற்ற இரண்டிலும் அதே சுழி. என்னுடைய ஊர்ச் சனத்தின் விசிறிகளை நானே யாழ்ப்பாண ரவுணில் வாங்கிக்கொண்டு வருகிறேன், அக்கா. நம்ப முடியாமல் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஆச்சி நான் கண்ணில் ஒற்றுகிறேன் என்று நினைத்து, “இஞ்சை தாரும் தம்பி” என்று வாங்கித் தானும் ஒற்றிவிட்டுத் தந்தா.

வந்த கையோடு விசிறிகளை மேசையில் வைத்து, “இதென்ன சிவபாதம்?” என்று கேட்டேன். நெற்றி சுருங்கவில்லை அவனுக்கு. “பிள்ளையார் எல்லா இடத்திலயும் இருப்பார்தானே அண்ணை” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினான். “பழசைத்தான் கழட்டினனான், புதுசு போட்டுத்தானே குடுத்தனான், சனத்துக்குப் புதுசெண்டால் விருப்பம்” என்று விம்மினான். இனிச் செய்யமாட்டேன் என்று கோயிலில் சூடம் அடித்துச் சத்தியமும் செய்தான். நானும் அவனையே வீடுகளைக் காட்டச்சொல்லிக் கிணற்றில் இறக்கி, மூன்று விசிறியையும் உரிய வீட்டு மோட்டர்களில் ஒருவருக்கும் சொல்லாமல் திரும்பப் பூட்டிவிட்டு வந்தேன். திருடியது அவன், களவாகப் போய்வந்தது நான். அதற்குப் பிறகு அவன் திருந்தித்தான் விட்டான், எப்படியென்றால் பித்தளையைக் கழற்றிவிட்டு மாட்டுகிற பிளாஸ்டிக் விசிறியிலும் சுழி கீறத் தொடங்கினான். என்னுடையதை விட வடிவான சுழி, அச்சடித்தது போல. “தம்பிஐயா அண்ணை, உங்கடை கை இப்ப நல்லாத் திருந்தியிட்டுது” என்று ஆட்கள் எனக்குச் சொல்கிறார்கள். கடைத் தாள்களிலும் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறான். இந்தக் கடிதத்தின் தலையில் நீங்கள் பார்ப்பதும் அவனுடைய சுழியே.

இவ்வளவையும் பொறுத்திருப்பேன். எனக்கும் வயது அறுபத்திரண்டு, சண்டை பிடிக்கச் சத்தில்லை. ஆனால் போன கிழமை அன்னப்பிள்ளை ரீச்சர் வீட்டுப் பக்கம் போனேன். எங்கள் இரண்டு பேரையும் மூன்றாம் வகுப்பில் படிப்பித்தவா, இப்போது எழுபத்தெட்டு வயது, இடுப்பு எலும்பு மாற்றின ஆள், தனிய இருக்கிறா. அவ கிணற்றடியில் வாளி கட்டித் தண்ணீர் இழுத்துக்கொண்டு நிற்கிறா. கையெல்லாம் கொப்புளம். “என்ன ரீச்சர், மோட்டர் எங்கை?” என்றேன். “நாலு நாளாத் தண்ணி வரேல்லை தம்பி. மோட்டரிலை பிழை இராது, நீர் செய்து தந்ததுதானே. நான்தான் சுவிச்சைப் பிழையாப் போடுறன் போலை” என்றா. சிவபாதத்தைக் கூப்பிட்டு மோட்டரை வெளியே எடுத்துத் திறந்து பார்த்தேன். பிளாஸ்டிக் விசிறி இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிளந்த இரண்டு துண்டிலும் ஆளுக்குப் பாதியாக வடிவான சுழி. எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா, ரீச்சருக்குத் தெரியாமல் சாரத்தால் துடைத்துக்கொண்டேன். அவவின் மோட்டருக்கு அன்று பின்னேரமே நல்ல பித்தளை விசிறி பூட்டிக்கொடுத்துவிட்டேன், அது எங்கே கிடைத்தது என்ற கதை இங்கே தேவையில்லை.

அன்றே சிவபாதத்தை நிற்பாட்டினேன். “இனி நீர் வேலைக்கு வர வேண்டாம்” என்று தெளிவாகச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்து, “ஓம் அண்ணை. அப்ப போட்டு வாறன்” என்றான். நானும் வாய்ப்பழக்கத்தில் “ஓம், போட்டு வாரும்” என்றுவிட்டேன். அடுத்த நாள் காலமை எட்டு மணிக்குக் கடைவாசலில் நிற்கிறான். “ஏன் வந்தனீர்?” என்றால், “நீங்கள்தானே அண்ணை போயிட்டு வரச் சொன்னனீங்கள்” என்கிறான். அன்று பகல் முழுக்க மனுசி எனக்குப் பாடம் எடுத்தாள்: அவன் போட்டு வாறன் என்று சொன்னால் வாயைத் திறக்கக் கூடாது, கல்லாக நிற்க வேண்டும். பின்னேரம் மறுபடியும் நிற்பாட்டினேன். “அப்ப போட்டு வாறன் அண்ணை” என்றான். நான் கல்லாக நின்றேன். அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறான். மறுமொழி இல்லாமல் ஒரு மனிதன் எப்படிப் புறப்படுவான்? குறிகட்டுவான் பஸ் போனது. நாலரை பஸ்ஸும் போனது. கறண்ட் போய் வந்தது. எனக்குக் கால் உளையத் தொடங்கியது. கடைசியில், “சரி, பாலத்தடியிலை காத்து, கவனமாப் போட்டு வாரும்” என்று சொல்லி முடித்தேன். முகம் மலர்ந்துபோய்ப் போனான். காலமை எட்டு மணிக்கு நிற்கிறான். ‘போம்’ என்று சொல்லலாமே என்பீர்கள். உயிரோடு இருக்கிற மனிதனைப் பார்த்து, செத்த வீட்டில்கூடச் சொல்லாத சொல்லை எப்படி அக்கா சொல்வது?

ஆனபடியால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சேர்த்துவிட்டது நீங்கள், நிற்பாட்டுவதையும் அத்தானைக்கொண்டு போனில் சொல்லிவிடுங்கள். உங்கள் ஊரில் ‘பாய்’ என்று ஒரு சொல்லோடு காரியம் முடிந்துவிடுமாம், அதையே சொன்னாலும் போதும். முப்பது வருடமாக அந்தச் சுழியைப் பார்த்துத்தான் ஆட்கள் மோட்டரைத் தந்தார்கள். அது கெட்டுப்போனால் எனக்கென்று இந்தத் தீவில் வேறு ஒன்றும் இல்லை. களைத்துப்போனேன் அக்கா.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நானும் மனுசியும் தலையில் கைவைத்துச் சொல்லும் ஆசீர்வாதம். ஆவணியில் நீங்கள் வரும் நாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி,
தம்பிஐயா

பி.கு.: மேலே உள்ளதை நேற்று எழுதி முடித்தேன். இன்று காலமை சிவபாதம் தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, “அக்கா ஆவணியிலை வாறாவெல்லே, அதுக்கு முதல் அவவின்ரை வீட்டு மோட்டரை ஒருக்காப் பாப்பமே அண்ணை?” என்று மெதுவாகக் கேட்டான். அதனால் மேலே தேவையில்லை என்று சொன்ன அந்தப் பித்தளை விசிறிக் கதையையும் எழுதவேண்டி வந்துவிட்டது. ரீச்சரின் மோட்டரும் உங்களுடையதும் ஒரே அளவு. மூன்று வருடமாக உங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை, ரீச்சரின் கையில் கொப்புளம். சிவபாதம் கிணற்றுக்குள் இறங்கி உங்கள் மோட்டரை எடுத்துத் தந்தான், விசிறியைக் கழற்றியது நான். பிளந்த பிளாஸ்டிக்கைப் பசை போட்டு ஒட்டி உங்கள் மோட்டரில் பூட்டியதும் நான். “நான் அக்காவுக்குச் சொல்லமாட்டன் அண்ணை” என்றான். அன்று தொடங்கி அவன் என்னை அண்ணை என்று கூப்பிடுகிற விதம் வேறு. ஆகவே அத்தான் போன் எடுக்க வேண்டாம். சிவபாதம் கடையிலேயே இருக்கட்டும். இந்தக் கடிதத்தை முத்திரை ஒட்டிப் போடப்போவதும் அவன்தான். ஒன்று மட்டும், அக்கா. ஆவணியில் வந்து சுவிச்சைப் போடும்போது தண்ணீர் வராவிட்டால், பிழையாகப் போட்டுவிட்டேனோ என்று நினைக்காதீர்கள். சுவிச்சில் பிழையில்லை.